ஸ்காலா நிரலில் கட்டளை வரி ஆப்ஷன்கள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நிரலுக்கு --போர்ட் 8080 என்று கொடுக்கிறீர்கள். அது 9000இல் எழுந்து நிற்கிறது. அல்லது இப்படி ஓர் ஆப்ஷனே கிடையாது என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. உடனே எல்லாரும் கை வைக்கும் இடம், ஆப்ஷன்களைப் படித்துப் பிரிக்கும் பார்சரின் வரையறைதான். அதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். டெர்மினலில் தட்டும் வரி, நிரல் தொடங்கும் இடமான மெயின் மெத்தடுக்கு நேராகப் போவதில்லை. ஷெல், பிறகு எஸ்பிடி (ஸ்காலாவின் பில்ட் கருவி) அல்லது ஒரு தொடக்க ஸ்கிரிப்ட், பிறகு ஜேவிஎம் (நிரலை ஓட்டும் ஜாவா மெய்நிகர் இயந்திரம்) என்று பல கை மாறித்தான் போகிறது. ஒவ்வொரு கையும் தனக்குரியது என்று நினைப்பதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த கைக்குத் தருகிறது. பார்சர் பிழை என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி, பார்சரை எட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்தவை.

கட்டளைகளையும் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றின் வழக்கமான வடிவத்தையே இடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

மெயினின் முதல் வரியிலேயே, வந்து சேர்ந்த ஆர்குமென்ட்களை வைத்திருக்கும் ஆர்க்ஸ் அரேயின் ஒவ்வோர் உறுப்பையும் தனி வரியில் அச்சிடுங்கள். அரேயை அப்படியே பிரிண்ட்எல்என்னுக்குக் கொடுத்தால் பயனில்லை. ஜாவா அரே தன் உள்ளடக்கத்தைக் காட்டாது. சதுர அடைப்புக்குறியில் தொடங்கி, வகையின் பெயரும் @ குறியும் பதினாறடிமான எண் ஒன்றும் சேர்ந்த சரம்தான் திரையில் வரும். நமக்கு வேண்டியவை மூன்று: வரிசை எண், சதுர அடைப்புக்குள் மதிப்பு, அதன் நீளம். இப்படி:

0 [2024-05] 7
1 [8080 ] 5

இரண்டாம் வரியில் 8080க்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருப்பது அடைப்புக்குறி இருப்பதால்தான் கண்ணில் படுகிறது. கண்ணில் படாவிட்டாலும், நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து என்ற நீளம் காட்டிக்கொடுத்துவிடும்.

சி மொழியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே சுழியாம் உறுப்பு நிரலின் பெயர் அல்ல, முதல் ஆர்குமென்ட்டே. இன்னொன்று, ஓர் அரேயை மற்றோர் அரேயோடு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், உள்ளே ஒரே சரங்கள் இருந்தாலும் பொய் என்றுதான் விடை வரும். டூலிஸ்ட் கொண்டு பட்டியலாக்கிய பிறகு ஒப்பிடுங்கள். அல்லது சேம்எலிமென்ட்ஸ் பயன்படுத்துங்கள்.

அச்சில் வந்தது நீங்கள் தட்டியதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்த சில பகுதிகள் உங்களுக்கானவை. அச்சு சரியாக இருந்தால் அவற்றைத் தாண்டி, கையால் எழுதிய மேட்ச் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

எஸ்பிடியில் ஓட்டும்போது மட்டும் ஆப்ஷன் காணாமல் போகிறது

எஸ்பிடி ரன் --போர்ட் 8080 என்று டெர்மினலில் தட்டினால், எஸ்பிடி அதை ஒரே கட்டளையாகப் படிப்பதில்லை. இடைவெளியால் பிரிந்த ஒவ்வொன்றும் அதற்குத் தனிக் கட்டளை. ரன் என்பது ஆர்குமென்ட் ஏதும் இல்லாமல் தனித்துப் போய்விடும். மற்ற இரண்டையும் தன் சொந்தக் கட்டளைகளாக எண்ணி எஸ்பிடி பிழை சொல்லும். முழுவதையும் மேற்கோளுக்குள் வையுங்கள்: எஸ்பிடி "ரன் --போர்ட் 8080". எஸ்பிடியின் சொந்த ஷெல்லுக்குள் நுழைந்த பிறகு ரன் --போர்ட் 8080 என்று தட்டினால் மேற்கோள் வேண்டியதில்லை. மெயின் உள்ள ஆப்ஜெக்ட் ஒன்றுக்கு மேல் இருந்தால் ரன்மெயின் என்று சொல்லி, முழுப் பெயரைக் கொடுத்து, அதன் பின் ஆப்ஷன்களை எழுதுங்கள்.

மதிப்புக்குள்ளேயே இடைவெளி இருந்தால் இரண்டு அடுக்கு மேற்கோள் தேவை. வெளி மேற்கோளை ஷெல் உரித்துவிடும். உள் மேற்கோள்தான் எஸ்பிடி வரை போகும். வெளியே ஒற்றை மேற்கோள், உள்ளே இரட்டை மேற்கோள் என்று வைத்துக்கொள்வது கண்ணுக்கும் கைக்கும் எளிது.

இதையொட்டி இன்னோர் அறிகுறி உண்டு. பில்ட் கோப்பில் ஜாவாஆப்ஷன்ஸ் அமைப்பில் நினைவக அளவையோ சிஸ்டம் பிராப்பர்ட்டியையோ எழுதியிருப்பீர்கள். ஓடும்போது அதன் சுவடே இருக்காது. வழக்கமான ரன், எஸ்பிடி ஓடிக்கொண்டிருக்கும் அதே ஜேவிஎம்முக்குள்தான் நிரலை ஓட்டுகிறது. அந்த ஜேவிஎம் ஏற்கெனவே தொடங்கிவிட்டதால் புதிய அமைப்புக்கு அங்கே இடமில்லை. ரன் / ஃபோர்க் அமைப்பை ட்ரூ ஆக்கினால்தான் தனி ஜேவிஎம் எழும், அந்த வரிகளும் செல்லும். அப்படிப் பிரித்த பிறகு நிரல் விசைப்பலகையிலிருந்து எதையாவது படிக்க வேண்டுமானால் ரன் / கனெக்ட்இன்புட் அமைப்பையும் ட்ரூ ஆக்க வேண்டும்.

--ஹெல்ப் கேட்டால் வேறொருவருடைய உதவிப் பக்கம் வருகிறது

எஸ்பிடியின் தொடக்க ஸ்கிரிப்ட் தன்னிடம் வரும் எல்லா ஆர்குமென்ட்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கிறது. மேற்கோள் இல்லாமல் எஸ்பிடி ரன் --ஹெல்ப் என்றால் அந்த --ஹெல்ப் அதற்குத்தான் என்று எடுத்துக்கொண்டு, தன் பக்கத்தைக் காட்டிவிட்டு முடிந்துவிடும். உங்கள் நிரல் தொடங்கவே இல்லை. மேற்கோள் போட்டால் சரியாகிவிடும்.

இதே கதை, நிரலைப் பொதிகட்டும் எஸ்பிடி நேட்டிவ் பேக்கேஜர் உருவாக்கும் தொடக்க ஸ்கிரிப்டிலும் நடக்கிறது. இங்கே அது தந்திரமானது. சோதனையின்போது எல்லாம் ஓடும், பொதிகட்டி அனுப்பிய பிறகுதான் உடையும். அந்த ஸ்கிரிப்ட் -எச், -வி, -டி ஆகிய சிறு ஆப்ஷன்களைத் தனக்கென்று வைத்திருக்கிறது: உதவி, விரிவான வெளியீடு, டீபக் முறை. பெரிய டி எழுத்தில் தொடங்குவதைச் சிஸ்டம் பிராப்பர்ட்டியாகவும், -ஜே என்று தொடங்குவதை ஜேவிஎம்முக்குரியதாகவும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் அடைவைக் குறிக்க -டி என்று வைத்திருந்தால் அது ஒருபோதும் மெயினை எட்டாது. அதற்கு வழி, வெறும் இரட்டை இடைக்கோடு ஒன்றைத் தனியாக இட்டு அதன் பின் உங்கள் ஆப்ஷன்களை எழுதுவது. அந்த -- கண்ட இடத்தில் ஸ்கிரிப்ட் தன் தேடலை நிறுத்திக்கொண்டு மீதியை அப்படியே கடத்தும். பயனர்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பொதிகட்டப்போகும் நிரலில் இந்த மூன்று எழுத்துகளையும் சுருக்கப் பெயராக வைக்காமலிருப்பதே நல்லது என்பேன்.

ஜாவா -ஜார் கொண்டு ஓட்டுவோருக்கு விதி எளியது. ஜார் கோப்பின் பெயருக்கு முன்னால் வருவது ஜேவிஎம்முக்கு; பின்னால் வருவது நிரலுக்கு. நினைவக அளவைக் கோப்பின் பெயருக்குப் பின்னால் எழுதினால், அது உங்கள் பார்சரிடம் போய்த் தெரியாத ஆப்ஷன் என்று திரும்பி வரும். ஸ்பார்க் நிரல்களை ஓட்டும் ஸ்பார்க்-சப்மிட் கட்டளையிலும் இதே எல்லைதான்.

ஸ்காலாவைப் புதுப்பித்ததும் பழைய ஸ்கிரிப்ட் ஆப்ஷனை ஏற்க மறுக்கிறது

2024இல் வந்த ஸ்காலா 3.5.0 முதல், ஸ்காலா என்ற கட்டளையே ஸ்காலா சிஎல்ஐ ஆகிவிட்டது. முன்பு கோப்பின் பெயருக்குப் பின்னால் எதை எழுதினாலும் நிரலுக்குப் போகும். இப்போது கோப்பின் பெயருக்குப் பின்னாலும் ஸ்காலா சிஎல்ஐ தன் ஆப்ஷன்களைத் தேடுகிறது. --போர்ட் அதற்குத் தெரியாததால் அங்கேயே தடுத்துவிடுகிறது. கோப்பின் பெயருக்கும் உங்கள் ஆப்ஷன்களுக்கும் நடுவே -- சேருங்கள். தானியங்கிப் பணிகளில் ஒளிந்திருக்கும் பழைய வரிகளையும் தேடித் திருத்திவிடுங்கள். அவைதான் ஆள் இல்லாத நேரத்தில் உடையும்.

எழுத்துப்பிழையே இல்லை, ஆனாலும் ஆப்ஷனைத் தெரியாது என்கிறது

கட்டளையை எங்கிருந்து நகலெடுத்தீர்கள் என்று பாருங்கள். ஆவண மென்பொருள்களும் செய்திச் செயலிகளும் அடுத்தடுத்த இரண்டு இடைக்கோடுகளை ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும் பழக்கம் உள்ளவை. திரையில் பார்க்க அது ஆப்ஷன் போலவே இருக்கும். பார்சருக்கோ அது இடைக்கோட்டில் தொடங்காத சாதாரணச் சொல். இதற்கொரு நல்ல தடயம் உண்டு: தெரியாத ஆப்ஷன் என்று வராமல், தெரியாத ஆர்குமென்ட் என்று வரும். ஆப்ஷன்களைப் படிக்கும் ஸ்காலா லைப்ரரியான ஸ்காப்ட் இந்த இரண்டு செய்திகளையும் பிரித்தே சொல்கிறது. அந்த ஒரு சொல்லை நின்று படித்தால் பாதித் தேடல் மிச்சமாகும்.

உறுதிசெய்ய, சந்தேகத்துக்குரிய உறுப்பின் ஒவ்வோர் எழுத்தையும் டூஇன்ட் கொண்டு எண்ணாக்கி அச்சிடுங்கள். 45 என்றால் நிஜ இடைக்கோடு. 8211 அல்லது 8212 என்றால் நீளக் கோடு. 160 என்று ஓர் எண் வந்தால் அது பிரிக்க முடியாத இடைவெளி; இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது வரும். ஷெல் அதைச் சொற்களைப் பிரிக்கும் இடைவெளியாகக் கருதாததால் இரண்டு ஆர்குமென்ட்கள் ஒன்றாக ஒட்டியே வந்து சேரும்.

மதிப்பில் நட்சத்திரக் குறி இருந்தால் அதுவும் ஷெல்லின் கையில்தான். மேற்கோள் இல்லாமல் *.சிஎஸ்வி என்று கொடுத்தால், அடைவில் உள்ள கோப்புகளின் பெயர்களாக அது விரிந்து, முதல் பெயர் ஆப்ஷனின் மதிப்பாகவும் மற்றவை தனி ஆர்குமென்ட்களாகவும் வரும். அடைவில் அத்தகைய கோப்பு ஒன்றே ஒன்று இருக்கும் நாளில் பிழை தெரியாது; இரண்டாவது கோப்பு வந்த நாளில் வெடிக்கும்.

ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் கேள்விக்குறிகளாக வந்தால், ஜேவிஎம் ஆர்குமென்ட்களைப் படிக்கும் எழுத்துக் குறிமுறை சூழலின் லொகேலிலிருந்து (மொழி, எழுத்து அமைப்பிலிருந்து) வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஃபைல்.என்கோடிங் பிராப்பர்ட்டியை யூடிஎஃப்-8 ஆக்குவது கோப்பு வாசிப்புக்கு உதவும், ஆர்குமென்ட்டுக்கு உதவாது. ஜேடிகே 18 கோப்புகளுக்கான இயல்பை யூடிஎஃப்-8 ஆக்கிய பிறகும் இந்த நிலை மாறவில்லை. கிரான் பணிகளிலும் கன்டெய்னர்களிலும் லொகேல் பெரும்பாலும் வெறும் சி ஆக இருக்கும். எல்சி_ஆல் மாறியை சி.யூடிஎஃப்-8 என்று வைத்துவிட்டு நிரலைத் தொடங்குங்கள்.

8080 கொடுத்தாலும் எண் அல்ல என்கிறது

பிழைச் செய்தியை உற்றுப் பாருங்கள். மூடும் மேற்கோள் செய்தியின் முடிவில் இல்லாமல் வரியின் தொடக்கத்தில் போய் விழுந்திருக்கிறதா, அல்லது செய்தியின் முதல் எழுத்தை எதுவோ விழுங்கியிருக்கிறதா? அப்படியானால் உங்கள் ஷெல் ஸ்கிரிப்ட் விண்டோஸ் முறை வரி முடிவுகளோடு சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வரியின் கடைசி ஆர்குமென்ட்டோடும், எண் 13 கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டி வருகிறது. அது டெர்மினலில் சுட்டியை வரியின் தொடக்கத்துக்கு இழுத்துச் செல்வதால்தான் அந்த மேற்கோள் இடம் மாறுகிறது. நீளத்தை அச்சிட்டிருந்தால் 4க்குப் பதில் 5 என்று முதலிலேயே தெரிந்திருக்கும். ஸ்கிரிப்ட்டை யூனிக்ஸ் வரி முடிவுக்கு மாற்றுங்கள். டிரிம் செய்து மறைத்துவிட்டால், அதே எழுத்து அடுத்த முறை ஒரு கோப்பின் பெயரின் வாலில் வந்து நிற்கும்.

டூஇன்ட் நேரடியாகப் பயன்படுத்தும் இடங்களில் தவறான உள்ளீடு வந்தால், பயனரின் முகத்தில் நீண்ட ஸ்டாக் ட்ரேஸ் கொட்டும். ஸ்காலா 2.13 முதல் டூஇன்ட்ஆப்ஷன் இருக்கிறது. அதைக் கொண்டு, எந்த ஆப்ஷனுக்கு என்ன மதிப்பு வந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். டூபூலியன் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டை மட்டுமே ஏற்கும். 1 அல்லது யெஸ் கொடுத்தால் எக்செப்ஷன்தான்.

கையால் எழுதிய மேட்ச்: எதைக் கொடுத்தாலும் முதல் கிளைக்கே போகிறது

லைப்ரரி ஏதுமின்றி, ஆர்க்ஸைப் பட்டியலாக்கி, தலை, அடுத்தது, மிச்சம் என்று இரட்டை முக்காற்புள்ளியால் பிரித்து மேட்ச் எழுதுவது ஸ்காலாவில் இனிமையான வேலை. மூன்று, நான்கு ஆப்ஷன்கள் வரை நானே அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அதில் இந்த மொழிக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது.

ஆப்ஷன் பெயரைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாமே என்று வேல் போர்ட்ஃபிளாக் என்று ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, கேஸ் போர்ட்ஃபிளாக் :: மதிப்பு :: மிச்சம் என்று எழுதுகிறீர்கள். அந்தப் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தொடங்கினால், கம்பைலர் அதை ஏற்கெனவே உள்ள மாறியாகப் பார்க்காது. அதே பெயரில் புதியதோர் மாறியை உருவாக்கி, தலையில் எது இருந்தாலும் அதில் கட்டிவிடும். விளைவு, குறைந்தது இரண்டு உறுப்புள்ள எந்தப் பட்டியலும் அந்தக் கிளைக்குள் விழும்; --ஹோஸ்ட் கொடுத்தாலும் போர்ட் மாறும். பெயரைப் பேரெழுத்தில் தொடங்குங்கள், அல்லது பின்மேற்கோள்களுக்குள் வையுங்கள், அல்லது சரத்தையே நேராக எழுதுங்கள். கீழேயுள்ள கிளைகளை அடையவே முடியாது என்று கம்பைலர் எச்சரிக்கை தந்தால் அதை ஒதுக்காதீர்கள்; இந்த இடத்தைத்தான் அது சுட்டுகிறது.

மேட்ச்எரர் வருகிறது என்றால் இரண்டு கிளைகளில் ஒன்று விடுபட்டிருக்கும். ஒன்று, கடைசி ஆப்ஷனுக்கு மதிப்பு கொடுக்க மறந்த நிலை: பட்டியலில் --போர்ட் மட்டும் மிஞ்சியிருக்கும், மதிப்பைக் கேட்கும் கிளை அதற்குப் பொருந்தாது. மற்றொன்று, எந்தப் பெயரோடும் பொருந்தாத சொல். முன்னதற்கு மதிப்பு வேண்டும் என்றும், பின்னதற்குத் தெரியாத ஆப்ஷன் என்றும் தனித்தனியாகச் சொல்லும் இரு கிளைகளை எழுதுங்கள். பயனருக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

பிழையே வரவில்லை, மதிப்பு மட்டும் மாறவில்லை

எல்லாவற்றிலும் அதிக நேரத்தைத் தின்பது இந்த அறிகுறிதான், ஏனென்றால் பிடித்துக்கொள்ள ஒரு செய்தியும் இல்லை. ஸ்காப்ட் பயன்படுத்துவோரிடம் இதற்கு இரண்டு காரணங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலாவது, ஆக்‌ஷன் எழுதாமல் விடுவது. ஆப்ட்[இன்ட்]("போர்ட்") என்று அறிவித்து, டெக்ஸ்ட் சேர்த்து, ரிக்வயர்ட் என்றுகூடக் குறித்திருப்பீர்கள். உதவிப் பக்கத்தில் அழகாகத் தெரியும். கொடுக்காவிட்டால் குறை சொல்லும், எழுத்தைக் கொடுத்தால் எண் வேண்டும் என்று திருத்தும். ஆனால் படித்த எண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பார்சர் அதைச் சரிபார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். கான்ஃபிக் கேஸ் கிளாஸில் இயல்பு மதிப்பு அப்படியே நிற்கும்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஆக்‌ஷனுக்கு இரண்டு பொருள்கள் வருகின்றன: புதிதாகப் படித்த மதிப்பு, இதுவரை சேர்ந்த கான்ஃபிக். அந்த இரண்டாவதன் இடத்தில் வெறும் அடிக்கோட்டுக் குறியை (_) இட்டு ஒதுக்கிவிட்டு, கான்ஃபிக்(போர்ட் = மதிப்பு) என்று புதியதொன்றை உருவாக்கினால், அதுவரை சேர்ந்த எல்லாம் அழிந்துவிடும். ஆப்ஷனை ஒவ்வொன்றாகச் சோதித்தால் எல்லாம் தேறும். இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் கடைசியாக எழுதியது மட்டும் நிற்கும். வரிசையை மாற்றினால் விளைவும் மாறும். வரிசையை மாற்றினால் விடை மாறுகிறதா என்று பார்ப்பதே இதற்கான சோதனை. மாறினால், எங்கோ ஓர் ஆக்‌ஷன் வந்த கான்ஃபிக்கின் காப்பி மெத்தடை அழைக்கவில்லை.

ஸ்கேலப் என்ற லைப்ரரியைப் பயன்படுத்தினால் பிழை வேறு வடிவில் வரும். வகுப்பின் இறுதியில் வெரிஃபை அழைக்காவிட்டால், அல்லது அதற்கு முன்பே ஓர் ஆப்ஷனின் மதிப்பை எடுக்க முயன்றால், எக்செப்ஷன் எழும். புதிய ஆப்ஷனை வெரிஃபைக்குக் கீழே சேர்த்துவிடுவது எளிதாக நடக்கும். அந்த வரி எப்போதும் கடைசியில்தான் இருக்க வேண்டும்.

ஒருமுறை ஏற்ற ஆப்ஷனை, இரண்டாம் முறை தெரியாது என்கிறது

ஸ்காப்ட்டில் --இன்புட் இரண்டு முறை கொடுத்தால் இரண்டாவதைத் தெரியாத ஆப்ஷன் என்று சொல்லும். செய்தி நம்மைத் திசைதிருப்புகிறது. ஆப்ஷன் தனக்கு அனுமதித்த எண்ணிக்கையை எட்டியதும் எதிர்பார்ப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. இயல்பான எண்ணிக்கை ஒன்றுதான். அதன் பிறகு அதே பெயர் பார்சருக்கு உண்மையிலேயே அந்நியம். அன்பவுண்டட் சேர்த்து, ஆக்‌ஷனில் பழைய பட்டியலோடு புதியதை இணையுங்கள். சீக் வகையில் அறிவித்தால் காற்புள்ளியால் பிரித்து ஒரே மதிப்பாகவும் கொடுக்கலாம். ஆனால் மதிப்புக்குள்ளேயே காற்புள்ளி வரக்கூடும் என்றால் அது ஆகாது.

--வெர்போஸ் மதிப்பு கேட்கிறது, அல்லது கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது

ஃபிளாக் என்பது இருந்தால் ஆம், இல்லாவிட்டால் இல்லை. அதைப் பூலியன் வகையாக அறிவிப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் ஸ்காப்ட்டில் பூலியன் என்றால் --வெர்போஸ் ட்ரூ என்று மதிப்பும் வேண்டும். யூனிட் வகையில் அறிவித்து, ஆக்‌ஷனில் ட்ரூ வையுங்கள். மெயின்ஆர்க்ஸ் லைப்ரரியிலும் இதே வேறுபாடு: பூலியனுக்கு மதிப்பு தேவை, ஃபிளாக் என்ற அதன் சொந்த வகைக்குத் தேவையில்லை. டிக்ளைன் லைப்ரரியில் நிலைமை தலைகீழ். ஆப்ட்ஸ்.ஃபிளாக் மட்டும் எழுதினால் அது கட்டாயமான ஃபிளாக். கொடுக்காவிட்டால் காணவில்லை என்று பிழை வரும். ஆர்ஃபால்ஸ் சேர்த்தால்தான் நாம் எதிர்பார்ப்பதுபோல் நடக்கும். மதிப்புள்ள ஆப்ஷன்களுக்கு வித்டிஃபால்ட் அல்லது ஆர்நன் இதே வேலையைச் செய்கிறது.

@மெயின்: ஆப்ஷன் பெயரையே எண்ணாக்கப் பார்க்கிறது

ஸ்காலா 3இன் @மெயின் எழுதிவிட்டு --போர்ட் 8080 கொடுத்தால், --போர்ட் என்ற சரத்தை எண்ணாக மாற்ற முடியவில்லை என்று வரும். அது இடத்தை வைத்து மட்டுமே ஆர்குமென்ட்களைப் படிக்கிறது. பெயருள்ள ஆப்ஷன்களும் இல்லை, இயல்பு மதிப்புகளுக்கு ஆதரவும் இல்லை. கட்டாயமான ஓரிரு ஆர்குமென்ட்கள் கொண்ட சிறு கருவிக்கு அது போதும். சொந்த வகை வேண்டுமானால் ஃப்ரம்ஸ்ட்ரிங்குக்கு ஒரு கிவன் எழுதலாம். அதைத் தாண்டினால் லைப்ரரிக்கு மாறுங்கள்.

மெயின்ஆர்க்ஸுக்கு மாறியும் இதே செய்தி வருகிறதா? இம்போர்ட்டைப் பாருங்கள். அந்த லைப்ரரியின் குறிப்பின் பெயரும் மெயின்தான். இம்போர்ட் விடுபட்டால் ஸ்காலாவின் சொந்த @மெயின் சத்தமில்லாமல் அந்த இடத்தில் அமர்ந்துகொள்ளும்.

நேரில் ஓட்டினால் சரி, டெஸ்ட்டில் நல்

ஆப்ஜெக்ட் மெயின் எக்ஸ்டெண்ட்ஸ் ஆப் என்று எழுதி, உள்ளே வேல் கான்ஃபிக் வைத்திருந்தால், ஸ்காலா 2இல் அந்த உடல் முழுவதும் மெயின் அழைக்கப்படும்வரை ஓடாமல் ஒத்திவைக்கப்படுகிறது. டெஸ்ட் மெயினை அழைக்காமல் அந்தக் கான்ஃபிக் மாறியை நேராகத் தொட்டால் கிடைப்பது நல், அதாவது வெறுமை. ஒத்திவைக்கும் டிலேய்ட்இனிட் 2.11லிருந்தே கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டு, ஸ்காலா 3இல் இல்லாமலே போய்விட்டது. ஆப்ஷன் படிக்கும் நிரலில் ஆப் ட்ரெய்ட்டை நான் சேர்ப்பதில்லை; மெயின் மெத்தடை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

எதிர்ம எண்களும் கோப்புப் பாதைகளும்

-5 என்ற மதிப்பைப் பல பார்சர்கள் சிறு ஆப்ஷனாக எண்ணிவிடும். குறிப்பாக, பெயரில்லாத ஆர்குமென்ட்டாக வரும்போது. பெயருள்ள ஆப்ஷனாக்கி, --நகர்வு=-5 என்று சமக்குறியோடு எழுதச் சொல்லுங்கள்.

சமக்குறி பாதைகளில் வேறொரு சிக்கலைக் கொண்டுவரும். --இன்=~/தரவு என்றால் பாஷ் அந்த அலைக்குறியை வீட்டு அடைவாக விரிப்பதில்லை, ஜேவிஎம்முக்கும் அது தெரியாது; அலைக்குறியின் பெயரிலேயே ஓர் அடைவைத் தேடி இல்லை என்று திரும்பும். இடைவெளி விட்டு எழுதினால் ஷெல் விரித்துத் தரும். எஸ்பிடியில் ஃபோர்க்கை ட்ரூ ஆக்கிய நாளிலிருந்து சார்புப் பாதைகள் உடைந்திருந்தால் காரணம் வேலை அடைவு: பிரிந்த நிரல் அந்தத் துணைப் புராஜெக்ட்டின் அடைவிலிருந்து ஓடுகிறது, எஸ்பிடி தொடங்கிய அடைவிலிருந்து அல்ல. கோப்பு இல்லை என்று பிழை சொல்லும்போது, முழுப் பாதையாக மாற்றிய வடிவத்தையும் சேர்த்து அச்சிட்டால் இதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கும்.

தவறான ஆப்ஷன் கொடுத்தும் பணி வெற்றி என்று காட்டுகிறது

இது மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது. இரவில் ஓடும் பணி ஒன்றில் ஆப்ஷன் பெயர் மாறிவிட்டது; நிரல் ஒரு வேலையும் செய்யவில்லை; ஆனாலும் பச்சை விளக்கு எரிகிறது. ஸ்காப்ட்டின் பார்ஸ், பிழை வந்தால் நன் தருகிறது, செய்தியையும் தானே அச்சிட்டுவிடுகிறது. அதனால் பலர் கேஸ் நன் கிளையைக் காலியாக விட்டுவிடுகிறார்கள், அல்லது ஃபோர்ஈச் போட்டு முடித்துவிடுகிறார்கள். மெயின் இயல்பாக முடிகிறது. இயல்பாக முடிந்த ஜேவிஎம் வெளியேறும் எண் சுழி. அழைத்த ஸ்கிரிப்ட்டுக்குச் சுழி என்றால் வெற்றி.

கேஸ் நன் கிளையில் சிஸ்.எக்ஸிட் அழைத்துச் சுழி அல்லாத எண்ணைக் கொடுங்கள். பயன்பாட்டுப் பிழைக்கு 2 என்பது யூனிக்ஸ் கருவிகளில் பரவலான மரபு; வேலை செய்யும்போது நேர்ந்த தோல்விக்கு 1 என்று பிரித்து வைத்தால், பதிவுகளைப் படிப்பவர் ஆப்ஷன் தவறா வேலை தவறா என்று உடனே அறிவார். கையால் எழுதிய பார்சரில் பிழைச் செய்தியைப் பிழை ஓட்டத்துக்கு அனுப்புங்கள்; வெளியீட்டைக் கோப்பில் சேர்ப்பவரின் தரவுக்குள் அது கலந்துவிடக் கூடாது. சரிபார்க்க, தவறான பெயர் ஒன்றைக் கொடுத்து ஓட்டிவிட்டு, அடுத்த வரியில் எக்கோ $? தட்டிப் பாருங்கள்.

சிஸ்.எக்ஸிட்டை மெயினில் மட்டும் வையுங்கள், பார்ஸ் செய்யும் ஃபங்ஷனுக்குள் வேண்டாம். உள்ளே வைத்தால் டெஸ்ட்டை ஓட்டும் ஜேவிஎம்மே அணைந்துபோகலாம். ஸ்காப்ட் 4இன் ஹெல்ப் ஆப்ஷனும் இயல்பில் நிரலை முடித்துவிடும்; அதை டெஸ்ட் செய்ய பார்ஸுக்குப் பதில் ரன்பார்சர் அழையுங்கள். விடையோடு சேர்த்து, அச்சிட வேண்டியவை, முடிக்க வேண்டியவை ஆகிய செயல்களை ஒரு பட்டியலாக அது திருப்பித் தரும், எதுவும் நடந்துவிடாது. தவறான பெயர், விடுபட்ட மதிப்பு, இரு ஆப்ஷன்கள் இரு வரிசைகளில் என்று நான்கு டெஸ்ட்களை அந்தப் பட்டியலைப் பார்த்தே எழுதிவிடலாம். அவற்றை ரன்ஈஃபெக்ட்ஸிடம் கொடுக்கும் வரி மெயினில் ஒரே இடத்தில் இருக்கட்டும்.